லேப்ரடார் வாங்கலாம், காலை ஐந்தரைக்கு யார் எழுவது?

கேள்வி: நங்கநல்லூரில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒன்பது வயதில் மகன், நான்கு வயதில் மகள், மூட்டுவலியோடு மாமியார். நாய் வேண்டுமென்று மகன் ஒரு வருடமாக அடம்பிடிக்கிறான். லேப்ரடார் என்றால் குழந்தைகளைக் கடிக்கவே கடிக்காது, வீட்டுக்கும் காவல் என்கிறார்கள். வாங்கலாமா? தயிர் சாதம் போட்டே வளர்த்துவிட முடியுமா?

பதில்: காவல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். லேப்ரடாருக்குக் கனத்த குரல். அது குரைத்தால் வாசலில் நிற்பவர் ஒரு நிமிடம் யோசிப்பார், அவ்வளவுதான். உள்ளே வந்துவிட்டால் அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே வாலாட்டிப் போகும். காவல்தான் வேண்டுமென்றால் கதவுக்கு நல்ல பூட்டாகப் போடுங்கள்.

அதைக் குறை சொல்லிப் பயனில்லை, பரம்பரை அப்படி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலோரத்தில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழி வந்தது இது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய், சுட்டு வீழ்த்திய பறவையைத் தண்ணீரில் நீந்திப் போய் எடுத்துவரும் வேலைக்குப் பழகியது. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் 1903இல் இதைத் தனி இனமாக ஏற்றது. பறவை நசுங்காமல் கவ்வ வேண்டும், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவிலும் முறைக்காமல் இருக்க வேண்டும். இந்தக் குணங்களுக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நாய். எதைப் பார்த்தாலும் வாயில் எடுப்பதும், மனிதரை விட்டு நகராமல் இருப்பதும் அங்கிருந்து வந்தவைதான்.

ஆனால் ‘கடிக்கவே கடிக்காது’ என்று எந்த இனத்துக்கும் நான் எழுதித் தரமாட்டேன். பல் முளைக்கும் நான்கிலிருந்து ஆறு மாதத்தில் குட்டி எல்லாவற்றையும் கவ்வும், மகளின் பாவாடையும் அதில் அடக்கம். வளர்ந்த பிறகும் சாப்பிடும்போது தட்டில் கை வைத்தாலோ, தூங்கும்போது மேலே ஏறி விழுந்தாலோ, காது வலியோடு இருக்கும்போது காதைப் பிடித்து இழுத்தாலோ சாதுவான நாயும் சீறலாம். நான்கு வயதுக் குழந்தையை நாயோடு தனியாக விடவே கூடாது. உண்மையில் லேப்ரடார் வீடுகளிலிருந்து எனக்கு வரும் புகார்களில் கடித்ததைவிடத் தள்ளிவிட்டதுதான் அதிகம். ஒரு வயதில் முப்பது கிலோ உடம்பு, புத்தி மட்டும் இன்னும் குட்டி. நிதானம் வர இரண்டு, மூன்று வயதாகும். அதுவரை அது ஆசையாக ஓடிவந்து மோதப்போவது உங்கள் மாமியாரின் முழங்காலில். அவர் சங்கிலியைப் பிடித்து வாக்கிங் கூட்டிப்போகவும் முடியாது.

சாப்பாட்டுக்கு வருவோம். லேப்ரடாருக்குப் போதும் என்ற எண்ணமே வராது. இது வெறும் பேராசை இல்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தபடி, ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் பழுது இருக்கிறது. தயிர் சாதம் விஷமல்ல, ஆனால் தினமும் அது மட்டும் என்றால் புரதம் போதாது, உடம்பு மட்டும் ஊதும். அந்த எடை ஏற்கெனவே பலவீனமான இடுப்பு மூட்டில்தான் இறங்கும். முட்டை, வேகவைத்த எலும்பில்லாத கோழி, இல்லை நல்ல நாய்த் தீவனம், அளந்து கொடுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். வெங்காயம் இருப்பதால் சாம்பார் சாதம் கூடாது, திராட்சை இருப்பதால் பாயசம் கூடாது, பிரியாணிக் கோழி எலும்பு கூடவே கூடாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மேசைக்கு அடியில் கை நீளாமல் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்!

அப்புறம் நம் ஊர் வெயில். நாய் மூச்சிரைத்து நாக்கின் ஈரம் ஆவியாவதால்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சென்னைப் புழுக்கத்தில் அந்த வித்தை சரியாகப் பலிக்காது. அதனால் கத்திரி நாட்களில் ஆறரைக்குள் வாக்கிங் முடிந்திருக்க வேண்டும், மறுபடி இருட்டிய பிறகுதான். தார்ச் சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். வெயிலுக்காக மொட்டையடிக்க வேண்டாம், அந்த முடிதான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது. முடி வருடம் முழுக்கக் கொட்டும், பெருக்குவது உங்கள் பொறுப்பு. உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம், தடுப்பு மருந்தை மாதம் தவறாமல் கொடுங்கள். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிப் புண்ணாகும், குளிப்பாட்டியதும் துடைத்துவிடுங்கள்.

சரி, வாங்கலாமா? இப்போது குட்டி வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் இருவரும் இல்லாத ஒன்பது மணி நேரத்தில் எட்டு மாத லேப்ரடார் சோஃபாவையும் சார்ஜரையும் தின்றிருக்கும். மகளுக்கு ஆறு வயதாகட்டும். பொறுக்க முடியாதென்றால், வெளிநாடு போகிறோம், வீடு மாறுகிறோம் என்று வளர்ந்த லேப்ரடாரைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இந்த ஊரில் நிறைய. நான்கு வயது நாயாகப் பாருங்கள், குழந்தைகளை முன்னால் நிறுத்தி அதன் குணத்தைச் சோதித்துவிட்டே அழைத்து வரலாம். லேப்ரடார்தான் வேண்டுமென்ற பிடிவாதம் இல்லாவிட்டால் நாட்டு நாய் இந்த வெயிலுக்குப் பிறந்தது.

குட்டிதான் என்று முடிவானால் எட்டு வாரத்துக்கு முன் வாங்காதீர்கள், விற்பதே விதிப்படி தவறு. தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள், பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள். கென்னல் கிளப் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, சென்னை மாநகராட்சி உரிமமும் வாங்கிவிடுங்கள். செலவு பயமுறுத்தினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். நாளையிலிருந்து ஒரு மாதம், மகனை ஐந்தரைக்கு எழுப்பி, நாயில்லாமலே அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மழை பெய்தாலும்தான். மாதக் கடைசியில் அவன் இன்னும் நாய் கேட்கிறானா என்று எனக்கு எழுதுங்கள்.