வெண்துளை என்று ஒன்று உண்டா?

கேள்வி: ஐயா, கருந்துளைக்கு நேர் எதிராக வெண்துளை இருக்கிறது, இது இந்தப் பக்கம் விழுங்குவதை அது அந்தப் பக்கம் துப்பிவிடும் என்று எங்கள் டவுன் ஒட்டுக்கடையில் மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா?
- ஐந்தாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தக் கடை எனக்கும் தெரியும் அம்மா, அங்கே சொல்லாத விஷயமே கிடையாது. மாமா சொன்னதில் முதல் பாதிக்குக் கணக்கில் இடமுண்டு.

ஐன்ஸ்டைன் 1915-இல் ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்தார். மறு ஆண்டே ஜெர்மானிய வானியலாளர் கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட் அதன் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வை வெளியிட்டார். அந்தத் தீர்வை முழுதாக விரித்துப் பார்க்கும் வழியை அமெரிக்க அறிஞர் மார்ட்டின் குருஸ்கல் 1960-இல் வெளியிட்டார். கருந்துளையோடு அதன் தலைகீழும் அதில் கிடந்தது. இந்தச் சமன்பாடுகளுக்குக் காலம் முன்னால் ஓடினாலும் ஒன்றுதான், பின்னால் ஓடினாலும் ஒன்றுதான். கருந்துளைக்குள் போனது வெளியே வராது. வெண்துளையிலிருந்து வெளியே வரலாம், உள்ளே போக முடியாது.

வெட்டுக்காட்டில் ரப்பர் பால் வாளி கவிழ்வதைக் கைப்பேசியில் பிடித்துப் பின்னோக்கி ஓட்டிப் பாரம்மா. மண்ணில் ஓடிய பால் திரண்டு வாளிக்குள் ஏறும். இயக்க விதி எதுவும் அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் காலமெல்லாம் பால் மரம் வெட்டிய என் அம்மா அப்படியொன்றைக் கண்டதில்லை.

வெண்துளைக்குப் பிறக்க வழியில்லை, சிக்கல் அதுதான். கருந்துளைக்குப் பிறப்பு உண்டு: பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து, தன் எடை தாங்காமல் உள்ளே சரிகிறது. 1939-இல் இயற்பியலாளர்கள் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் அந்தச் சரிவைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படிப் பிறந்த கருந்துளையின் கணக்கில் வெண்துளைப் பகுதி வருவதே இல்லை. அந்த இடத்தில் முன்பு இருந்தது நட்சத்திரம்தானே. மாமாவின் 'அந்தப் பக்கம்' அடிபடுவது இங்கேதான். வெண்துளை வேண்டுமென்றால் அண்டம் தொடங்கும்போதே இருந்திருக்க வேண்டும்.

சோவியத் அறிஞர் இகோர் நோவிகோவ் 1964-இல் அப்படித்தான் நினைத்தார். பெருவெடிப்பின் சில துண்டுகள் பிந்தி வெடிக்கின்றன, அப்போது புதிதாகக் கண்டறிந்திருந்த குவேசார்கள், அதாவது வெகு தூரத்தில் மிகப் பிரகாசமாக ஒளிரும் பொருள்கள், அவையாக இருக்கலாம் என்றார். பிறகு பார்த்தால் குவேசாரின் நடுவில் உட்கார்ந்திருப்பது ராட்சதக் கருந்துளை! 1974-இல் அமெரிக்க இயற்பியலாளர் டக்ளஸ் எர்ட்லி இன்னொரு அடி கொடுத்தார்: தொடக்கத்திலேயே இருந்தாலும் வெண்துளை நிலைக்காது. சுற்றிலுமிருந்து விழும் ஒளியும் பொருளும் அதன் எல்லையில் குவிந்து, அதைக் கருந்துளையாகவே மூடிவிடும்.

கதவை இன்னும் சாத்தாமல் வைத்திருப்பவர் இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ ரோவெல்லி. கருந்துளை கடைசியில் குவாண்டம் விளைவால் (மிக மிகச் சிறிய அளவுகளில் செயல்படும் விதிகளால்) துள்ளித் திரும்பி வெண்துளையாகலாம் என்று 2014-இல் இயற்பியலாளர் ஹால் ஹாகார்டுடன் சேர்ந்து எழுதினார். மாமாவுக்கு இதையும் சொல்: வேறொரு பக்கத்தில் அல்ல, அதே இடத்தில், வெளியே இருந்து பார்ப்பவருக்கு மிக மிக நீண்ட காலம் கழித்து. எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் எம்87 என்ற நட்சத்திர மண்டலத்துக் கருந்துளையின் நிழலை 2019-இல் படமாகவே பார்த்துவிட்டோம். வெண்துளைக்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை.

கேள்வி: வெண்துளை பக்கத்தில் வருவதையெல்லாம் தள்ளிவிடுமா?
- செம்பனை லாரி ஓட்டுநர், கோல கெட்டில்

பதில்: தள்ளாது அண்ணே. அதற்கும் நிறை உண்டு, ஆகவே ஈர்க்கும். தூரத்தில் சுற்றி வந்தால் கருந்துளையைச் சுற்றுவதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. நெருங்கவும் செய்யலாம், எல்லையைத் தாண்டி உள்ளே போகத்தான் முடியாது.