குரலில் கோபம் பிடிபடாத பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஆட்டிசச் சாயல் இருப்பதாக மருத்துவர் சொன்னார். நான் அதட்டினால் சிரிக்கிறான். தாத்தா சாதாரணமாக உரக்கப் பேசினாலோ, "ஏன் திட்டுறீங்க?" என்று அழுகிறான். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம். ரெண்டு பாஷையால் வந்த குழப்பமா?
- ஒரு தாய், மோல்மேன்

பதில்: பாஷைமேல் பழி போட வேண்டாம், தமிழை நிறுத்தவும் வேண்டாம். முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டி, கேட்பது மந்தமாகும்.

காது சரியென்றால், அவன் சத்தத்தின் அளவை மட்டும் வைத்துக் கோபத்தைக் கணக்கிடுகிறான் போலிருக்கிறது. கோபக் குரலில் சத்தம் மட்டுமல்ல, வேகமும் இறுக்கமும் சேர்ந்து வரும். சோகத்தில் குரல் தாழ்ந்து இழுபடும். பயமும் குதூகலமும் இரண்டுமே உச்சத்தில் ஒலிப்பதால் பெரியவர்களே சில நேரம் தடுமாறுவார்கள். அதட்டும்போது வரும் சிரிப்பைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதற்றத்திலும் சிரிப்பு வரும்.

பயிற்சிக்குத் தமிழே வசதி. பர்மியத்தில் 'கா' என்பதை உயர்த்தி இழுத்தால் கார், தாழ்த்தினால் மறைத்தல், தொண்டையை இறுக்கிச் சட்டென முடித்தால் ஆடுதல். அங்கே ஏற்ற இறக்கம் பொருளையே மாற்றிவிடும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை.

"பை மேசைமேல இருக்கு." இந்த ஒரே வாக்கியத்தைக் கோபமாகவும் சோகமாகவும் போனில் பதிவு செய்யுங்கள். நேரில் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். ஃபேனை நிறுத்திவிட்டு, தினம் 5 நிமிடம் போதும். முதலில் நாடகம் மாதிரி மிகைப்படுத்திப் பேசுங்கள், சரியாகச் சொல்லத் தொடங்கியதும் குறையுங்கள். பலர் கோட்டைவிடுவது இதற்கடுத்த கட்டத்தில்: அம்மா குரல் மட்டுமே பழகி, மற்றவர் குரலில் தோற்றுப்போவான். அப்பா, அத்தை குரலையும் சேருங்கள். கிண்டல் பேச்சு கடைசியில்தான்.

தன் உணர்ச்சிக்கே பேர் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அடுத்தவர் குரலும் கஷ்டம். "கோவம் வந்தா உடம்புல எங்கே தெரியுது?" என்று அவனையும் கேளுங்கள்.

ஆனால் நிஜமாகவே கோபம் வரும்போது பரீட்சை வைக்காதீர்கள். "அம்மா கோவமா இருக்கேன். தட்டை எடுத்து வை" என்று வாயால் சொல்லிவிடுங்கள். எந்தப் பயிற்சியையும்விட இதுவே எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

தாத்தா குரலைக் குறைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. பேச ஆரம்பிக்கும் முன் "திட்டலடா, சும்மாதான்" என்று ஒரு வார்த்தை போடச் சொல்லுங்கள். அவருக்கும் காது மந்தமா என்று கூடவே பார்த்துவிடுங்கள்; உரக்கப் பேசுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.