பொண்ணு போர் வேணாங்குது, யாரும் யாரையும் கட்டிக்கலாங்குது, வேலை கிடைக்குமா சார்?

சார், கடலூர்லேர்ந்து நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ முழுசா கேட்டேன். பொண்ணு ப்ளஸ் டூ பயோ மேக்ஸ், நல்லா படிக்குது, ஆனா வீட்ல நியூஸ் ஓடுனாலே சண்டை, போர்ல ரெண்டு பக்கமும் சாவறது ஏழை வீட்டுப் புள்ளைங்கதான்னுது, ஆம்பளையும் ஆம்பளையும் கட்டிக்கிட்டா உங்களுக்கு என்னப்பாங்குது, சித்தப்பா மாமாவெல்லாம் இருக்கற ஃபேமிலி குரூப்லயே அத போட்டும் விட்டுடுச்சு, இப்ப கவர்மெண்ட் வேலை கிடைக்குமா, போலீஸ் வெரிஃபிகேஷன்ல மாட்டுமான்னு கேக்கறீங்க. பாண்டியில என்கிட்ட படிப்பு, வேலை பத்தி ஆலோசனை கேக்க வர்ற பேரண்ட்ஸ் நெறைய பேருக்கு இதே பயந்தான், அதனால பேரு போடாம பொதுவாவே எழுதறேன்.

மொதல்ல வெரிஃபிகேஷன். அதுல முக்கியமா பாக்கறது கேஸ் இருக்கா, குடுத்த விவரம் உண்மையா, இதத்தான். போர் வேணாம்னு நெனைக்கறது கேஸ் இல்ல. அரசாங்கத்தோட கொள்கைய வெளியில விமர்சனம் பண்ணக்கூடாதுன்னு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதி 1964-ல இருக்கு, ஆனா அது வேலையில சேந்தவங்களுக்கு. ப்ளஸ் டூ படிக்கற புள்ளைக்கு அந்த விதிய நீங்களே வீட்ல போட்டுக்காதீங்க.

ஆனா போஸ்ட் வேற விஷயம், இங்க நான் உங்க பக்கம். 2025 மே மாசம் ஆபரேஷன் சிந்தூர் சமயத்துல மகாராஷ்டிராவுல ஒரு காலேஜ் பொண்ணு யாரோ எழுதுனத ஷேர் பண்ணி, கொஞ்ச நேரத்துலயே அழிச்சு மன்னிப்பும் கேட்டுச்சு, அப்பவும் அரெஸ்ட், காலேஜ்லேர்ந்தும் நீக்கிட்டாங்க. பாம்பே ஹைகோர்ட் கண்டிச்சு ஜாமீன் குடுத்து பரீட்சை எழுத வெச்சது நெஜம், ஆனா நடுவுல ஜெயில்ல இருந்துச்சே. அமெரிக்காவுக்குப் படிக்கப் போறதுன்னாலும் 2025 ஜூன்லேர்ந்து ஸ்டூடெண்ட் விசாவுக்கு சோஷியல் மீடியா அக்கவுண்ட பப்ளிக்கா வெக்கச் சொல்றாங்க. அதனால நெனைக்காதன்னு சொல்லாதீங்க, கோவத்துல வர்றத ஷேர் பண்ணாத, சொந்தமா யோசிச்சத உன் பேர்ல எழுதுன்னு சொல்லுங்க, ரெண்டுக்கும் வித்தியாசம் அதுக்கே புரியும்.

இப்ப நீங்க கேக்காத விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பொண்ணுக்கு எதுல ஆர்வம்னு கண்டுபுடிக்க எனக்கு ஆப்டிட்யூட் டெஸ்டே தேவையில்ல, நீங்க புகாரா சொன்னதுலயே இருக்கு. சட்டம், அரசியல், சர்வதேச உறவு. பேச்சு இருக்கு, இன்னும் சரக்கு இல்ல, அவ்ளோதான். யூபிஎஸ்சி மெயின்ஸ்ல எத்திக்ஸ் பேப்பருக்கே 250 மார்க், இண்டர்வியூ 275, அங்க "போர் தப்பு"ன்னு ஒத்த வரியில முடிச்சா யாரும் மார்க் போட மாட்டாங்க, எதிர்த்தரப்பு வாதத்தையும் எடுத்து வெச்சுட்டு அப்பறம் நம்ம முடிவ சொல்லணும்.

அதுக்கு நீங்களே ஒரு வேலை குடுக்கலாம். ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி பாண்டி பீச் ரோட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, காந்தி சிலைக்கு எதிர்ல பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் இருக்குல்ல, மொத உலகப் போர்ல பிரான்சுக்காக செத்துப்போன நம்மூர் ஆளுங்களுக்கு கட்டுனது. இந்த ஊர்ல சொல்தா (பிரெஞ்சுல சிப்பாய்) குடும்பம்னு இருக்காங்க, தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்திருப்பாரு, வியட்நாம் வரைக்கும் போய் சண்ட போட்டவங்களும் உண்டு, அந்த பென்ஷன்ல வீடு கட்டி புள்ளைங்கள படிக்க வெச்சிருப்பாங்க. அவங்ககிட்ட போய் போர் வேணுமா வேணாமான்னு உங்க பொண்ணு கேக்கட்டும். வர்ற பதில் டிவி டிபேட் மாதிரி இருக்காது.

கல்யாண விஷயத்துலயும் அப்படித்தான், படிக்க எக்கச்சக்கமா இருக்கு. 2018-ல சுப்ரீம் கோர்ட் இந்திய தண்டனைச் சட்டத்தோட 377-வது பிரிவ தளத்துனது, அதாவது ஒரே பாலினத்தவங்க சம்மதத்தோட சேந்து இருந்தா குத்தமில்லன்னது. 2023 அக்டோபர் 17 தீர்ப்புல கல்யாணம் பண்ணிக்கறது அடிப்படை உரிமை இல்லன்னு அஞ்சு ஜட்ஜும் சொன்னாங்க, ஆனா சேந்து வாழறத சட்டம் அங்கீகரிக்கணுமாங்கறதுல மூணுக்கு ரெண்டா பிரிஞ்சுட்டாங்க. நாலு தனித்தனி தீர்ப்பு சார் அது, ரெண்டு பக்க வாதமும் அதுலயே கெடக்கு, லா படிக்க ஆசைப்படற புள்ளைக்கு இதவிட நல்ல நோட்ஸ் கிடைக்காது. அப்பறம் 1967-ல அண்ணா ஆட்சியில சட்டம் வந்தப்பறம்தான் சுயமரியாதைக் கல்யாணமே செல்லுபடியாச்சு, அதுக்கு முன்ன நடந்ததையும் சேத்துதான் செல்லும்னாங்க. ஐயர் இல்லாம, மாலை மாத்திக்கிட்டு நடந்த கல்யாணம் உங்க சொந்தத்துலயே இருக்கும், தேடிப் பாருங்க. (குரூப்ல மொத ஆளா சத்தம் போட்ட மாமாவுக்கு எப்படி கல்யாணம் ஆச்சுன்னும் கேட்டுப் பாருங்க.)

வழிய சொல்லிடறேன். அஞ்சு வருஷ லாவுக்கு பயோ மேக்ஸ் தடையே இல்ல. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம்னா கிளாட் நுழைவுத் தேர்வு எழுதணும், 2 மணி நேரம், 120 கேள்வி. தமிழ்நாடு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு ப்ளஸ் டூ மார்க்தான். பாண்டி அம்பேத்கர் அரசு லா காலேஜ் பக்கத்துலதான இருக்குன்னு நம்பிடாதீங்க, இங்க சீட்டு பாண்டி காரங்களுக்குத்தான் முதல்ல, கடலூர் நமக்கு ஒரு மணி நேரந்தான், ஆனா பேப்பர்ல வெளி மாநிலம். லா வேணாம்னா பொலிட்டிகல் சயின்ஸ் டிகிரி முடிச்சுட்டு காலாப்பட்டுல இருக்கற பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில எம்ஏ சேரலாம், அதுக்கு க்யூட் பிஜி நுழைவுத் தேர்வு.

கடைசியா, மெசேஜ்ல நீங்க இழுத்து இழுத்து கேட்டீங்களே, "ஒருவேள நம்ம பொண்ணே அந்த மாதிரியோ"ன்னு. மத்தவங்களுக்காகப் பேசற புள்ளைங்க நெறைய, அத வெச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. அப்படியே இருந்தாலும் அதுவா சொல்றப்ப கேட்டுக்கங்க, தோண்டாதீங்க, சரி பண்ணித் தர்றேன்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட கூட்டிட்டுப் போகவே போகாதீங்க. 2021-லயே மெட்ராஸ் ஹைகோர்ட் இந்த மாதிரி "மாத்தற" வைத்தியத்த தடை பண்ணச் சொல்லிடுச்சு, அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையமும் அது டாக்டருக்கு ஒழுங்கீனம்னு அறிவிச்சுது.

அடுத்த வாரம் வர்றீங்கன்னா பத்தாவது மார்க் ஷீட்டும் லெவன்த் மார்க்கும் எடுத்துட்டு வாங்க. மொத அரை மணி நேரம் பொண்ணுகிட்ட தனியா பேசுவேன், நீங்க கீழ டீ சாப்ட்டுட்டு இருங்க, கூப்புடறேன்.