பொங்கல் விடுமுறையில் கூடாரம்: எங்கே போடலாம், எங்கே கூடாது?

கேள்வி: பாலக்கோட்டில் வசிக்கிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், ஆறு வயது மகன் என நால்வர். பொங்கலை ஒட்டி ஐந்து நாள் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. ஒகேனக்கல் ஆற்று மணல், அஞ்செட்டிப் பக்கத்துக் காடு, வத்தல்மலை, கடைசியாகக் கிழக்குக் கடற்கரை என்று எழுதி வைத்திருக்கிறோம். எவற்றைத் தேர்ந்தெடுப்பது? கூடாரத்தைச் சொந்தமாக வாங்க வேண்டுமா, வாடகைக்கு எடுக்கலாமா?

பதில்: உங்கள் பட்டியலில் முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள். வத்தல்மலையும் கடற்கரையும் இருக்கட்டும். ஒகேனக்கல்லும் அஞ்செட்டியும் அழகில் குறைந்த இடங்கள் அல்ல. ஆனால் கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது, பகலில் அது எப்படித் தெரிகிறது என்பதைவிட, இருட்டிய பிறகு அந்த வழியாக எது வரும் என்பதுதான் முக்கியம். தண்ணீர், யானை, காற்று, மனிதர் என நான்கையும் விசாரித்த பிறகே முளைக்குச்சியை அடிக்க வேண்டும்.

அஞ்செட்டியிலிருந்து தொடங்குகிறேன். ராகி முற்றும் காலத்தில்தான் நம் பக்கத்துக் காடுகளில் யானை நடமாட்டம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கர்நாடகத்தின் பன்னர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டங்கள் வருகின்றன. தேன்கனிக்கோட்டை, சானமாவு, ராயக்கோட்டைப் பக்கங்களில் மாதக்கணக்கில் தங்கி, இரவில் வயலுக்கு இறங்குகின்றன. தை பிறந்துவிட்டதால் அவை போய்விட்டன என்று நினைத்துவிடக் கூடாது. வயலோரத்தில் காவல் பரண் கட்டியிருந்தாலோ, இரவில் பட்டாசுச் சத்தம் கேட்டாலோ, அந்த ஊரில் விவசாயிகள் கண் விழித்துக் காவல் காக்கிறார்கள் என்று பொருள். அவர்களே பரண்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் இடத்தில் நாம் தரையில் துணிக்கூடாரம் போட்டுக் குழந்தைகளைத் தூங்க வைப்பது எந்த விதத்திலும் சரியில்லை.

மின்வேலி இன்னொரு ஆபத்து. மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் ஊருக்குப் பக்கம்தான். யானையைக் கொல்லும் மின்சாரம் இரவில் ஒதுங்கப் போகும் மனிதரையும் விடாது. காட்டை ஒட்டிய வயல்வெளியில் இருட்டில் நடக்கவே கூடாது.

சட்டமும் உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டக் காடுகளில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காவிரி வடக்குச் சரணாலயம் அதற்கு முன்பே இருக்கிறது. சரணாலயமோ காப்புக்காடோ, அனுமதியின்றி உள்ளே தங்குவது குற்றம். காட்டைப் பார்க்காமல் விட மனமில்லை என்றால் வனத்துறை வழியாகப் போங்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்ட ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டப் பாதைகளும் உள்ளன. வழிகாட்டியோடு பகலில் நடந்துவிட்டுத் திரும்பலாம். பாதையின் கடினத்தையும் வயது வரம்பையும் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு வயதுப் பையனுக்கு எல்லாப் பாதையும் ஒத்துவராது.

அடுத்தது ஒகேனக்கல். அங்கே வரும் தண்ணீரை நம் வானம் தீர்மானிப்பதில்லை. மேலே கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறப்பதைப் பொறுத்து ஆறு ஏறி இறங்குகிறது. பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். தையில் வெள்ள அபாயம் ஆடி மாதம் அளவுக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் நடு இரவில் நீர்மட்டம் கொஞ்சம் ஏறினால் மணல்திட்டில் படுத்திருப்பவர்களுக்குக் கரைக்கு வர வழி இருக்காது. ஆற்றில் முதலையும் உண்டு, கரைக்குத் தண்ணீர் குடிக்க யானையும் வரும். பகலில் போய்ப் பரிசல் ஏறி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வெளிச்சத்திலேயே பென்னாகரம் திரும்புங்கள். ஒகேனக்கல்லுக்கு அது போதும்.

இந்தத் தண்ணீர்க் கணக்கு ஆற்றோடு முடிவதில்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், கடலைப் பார்த்தே இராத ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்றிருந்த வாகனங்களை அடித்துக்கொண்டு போனது. ஏரிக்கரைக்குக் கீழ்ப்புறம், வறண்ட ஓடையின் மணல், இரண்டு பாறைகளுக்கு நடுவே சமமாகக் கிடக்கும் தரை ஆகிய மூன்றும் பகலில் கண்ணுக்கு மிக இதமாக இருக்கும். அந்த இடங்களைச் சமப்படுத்தி வைத்ததே ஓடிய தண்ணீர்தான். எந்த மாதமானாலும் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி வத்தல்மலை. சுமார் ஆயிரம் மீட்டர் உயரம், காப்பியும் மிளகும் விளையும் மண், மலைவாழ் மக்களின் ஊர்கள். குழந்தைகளின் முதல் கூடார இரவுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பட்டா நிலமாக இருக்க வேண்டும், உரிமையாளரிடம் நேரில் கேட்டிருக்க வேண்டும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு வீடு இருக்க வேண்டும். காலியாகக் கிடக்கிறதே என்று புறம்போக்கில் இறங்காதீர்கள். எது காப்புக்காட்டின் எல்லைக்கல் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது, உள்ளூர்க்காரருக்குத் தெரியும். தங்குவதற்குப் பணம் வேண்டாம் என்று சொன்னாலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

குளிரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். தர்மபுரி நகரமே 460 மீட்டர் அளவில் இருப்பதால், வத்தல்மலையில் மூன்று நான்கு டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பனியும் காற்றும் சேரும். இங்கே இடத்தேர்வு பெரிதும் உதவும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான வெளிகளில் படிவது இதனால்தான். ஆகவே பள்ளமும் வேண்டாம், காற்று அறையும் உச்சியும் வேண்டாம். சரிவின் நடுவில், கிழக்கு பார்த்த சிறு சமதளம் கிடைத்தால் விடியல் வெயில் நேராக உள்ளே வரும். தலைக்கு மேலே காய்ந்த கிளையோ மலைத்தேன் கூடோ இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

குளிருக்குப் பயந்து கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அடியில் விரிக்க ஒரு கனமான பாயும் ஆளுக்கொரு கம்பளியும் அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பின் சூட்டைப் பெரும்பகுதி இழுப்பது தரைதான். கூடாரத்தின் காற்றுத் துளைகளை மூடிவிட்டால் நால்வர் விடும் மூச்சே விடியற்காலையில் சொட்டும். நெருப்பு மூட்ட நில உரிமையாளர் சொன்ன இடத்தைத் தவிர வேறிடம் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களின் உயிரைப் பறித்ததற்குப் பிறகுதான் நம் மாநிலத்தில் மலையேற்ற விதிகள் இறுகின. காய்ந்த புல் நிற்கும் சரிவில் ஒரு பொறி போதும்.

வழியில் மாந்தோப்பு ஒன்றைப் பார்த்து அங்கேயே தங்கிவிடலாமே என்று தோன்றும். தையில் மா பூத்திருக்கும், பூவுக்கு மருந்து அடிக்கும் பருவமும் அதுதான். குழந்தைகளோடு அந்த மரத்தடியில் படுக்க வேண்டாம்.

நாள் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலை வீட்டில் கொண்டாடிவிட்டு, மாட்டுப் பொங்கலன்று மதியம் மலையேறுங்கள். காணும் பொங்கல் இரவும் மலையிலேயே கழியட்டும். அன்று கடற்கரைகளில் நிற்க இடமிருக்காது, காவல்துறைக் கட்டுப்பாடுகளும் இருக்கும். மறுநாள் காலை அரூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக மரக்காணத்தை நோக்கி இறங்கலாம். செஞ்சிக் கோட்டையில் ஓரிரு மணி நேரம் இறங்கினாலும் நான்கு மணிக்குள் சேர்ந்துவிட வேண்டும். இருட்டில் இடம் தேடுவது மலையைவிடக் கடற்கரையில் கடினம்.

கடற்கரையில் அலை தொடும் மணலில் கூடாரம் போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொதுக் கடற்கரையில் இரவில் தங்க விடமாட்டார்கள். மீனவர் குப்பத்துக் கரை அவர்கள் படகு இழுக்கும், வலை உலர்த்தும் பணியிடம். மரக்காணம் முதல் கடலூர் வரை சவுக்குத் தோப்புகள் நிறைய உண்டு. தோப்புக்குள் கழிப்பறையும் காவலும் உள்ள தனியார் தங்குமிடத்தைப் பதிவு செய்யுங்கள், அங்கிருந்து கடலுக்கு நடந்து போகலாம். கடலுக்கு மிக அருகே என்று விளம்பரம் செய்யும் இடமானால், பாசியும் சிப்பியும் கோடாக ஒதுங்கிக் கிடப்பதைப் பாருங்கள். அலை அதுவரை ஏறியிருக்கிறது, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இன்னும் மேலே ஏறும். அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டுக்கு உள்பக்கம் இருந்தால் சரி, மேட்டின் மீதே வேண்டாம்.

தையில் அங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும், கூடாரத்தின் வாசல் தென்மேற்கைப் பார்க்கட்டும். சாதாரண முளைக்குச்சி மணலில் பிடிக்காது. பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். இன்னொன்றும் உண்டு. தை தொடங்கி சில மாதங்கள் பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட ஏறும். வெள்ளை விளக்கும் நெருப்பும் தாய் ஆமையைத் திருப்பி அனுப்பும், குஞ்சுகளைக் கடலுக்குப் பதிலாகக் கரைப்பக்கம் இழுக்கும். இரவில் கரையில் நடந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு நடங்கள். குளியல் பகலில் மட்டும், அதுவும் உள்ளூர் மீனவர் சரி என்று சொல்லும் இடத்தில் மட்டும்.

புறப்படும் முன் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் பொங்கல் வரை இழுத்துக்கொண்டு போகும்.

கூடாரத்தை முதல் முறை வாடகைக்கு எடுங்கள். நால்வருக்கு என்று எழுதியிருப்பது தோளோடு தோள் உரசப் படுப்பவர்களுக்கான அளவு, ஆறு பேருக்கானதைக் கேளுங்கள். மேலுறை தரைவரை இறங்குகிறதா, தரைத்துணியில் கிழிசல் உண்டா, கம்பிகள் முழுதாக இருக்கின்றனவா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மொட்டை மாடியில் குழந்தைகளையே கட்ட விடுங்கள். இரண்டு இரவு மலையிலும் இரண்டு இரவு கடலோரத்திலும் தங்கிய பிறகு, உங்களுக்குத் தேவை பனிக்கான கூடாரமா, காற்றுக்கான கூடாரமா என்று தெரிந்துவிடும். வாங்குவதை அப்போது முடிவு செய்யலாம்.