பழப்புளி வாங்கப் போன ஆசிரியை

அன்புள்ள அம்மா,

நான் முப்பது ஆண்டுகளாக ரொறன்ரோவில் வசிக்கிறேன். இங்கே பிறந்த என் மகள், இலங்கையின் வன்னியில் ஒரு பாடசாலையில் ஆறு மாதம் சம்பளமின்றி ஆங்கிலம் படிப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். தமிழ் கேட்டால் அவளுக்கு விளங்கும், பேச வராது. உங்கள் வீட்டில் டென்மார்க் ஆசிரியை ஒருவர் தங்கியிருந்ததாக எழுதியிருந்தீர்கள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? அவள் வருவதால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியே கடினமானது என்பதால் அதை முதலில் எடுக்கிறேன்.

வன்னியில் எங்கள் மல்லாவிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்று யாராவது உங்கள் மகளுக்குச் சொல்லியிருந்தால் அது சரியல்ல. மூன்றாம் தரத்திலிருந்து புத்தகம் வைத்துப் படிக்கிறார்கள். கொப்பியில் பிழையில்லாமல் எழுதும் பிள்ளை, எழும்பி ஒரு வசனம் சொல் என்றால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிழைத்தால் வகுப்பே சிரிக்கும் என்ற கூச்சம். போதாததற்கு, சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியடைந்து, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் பெற்றால் உயர்தரம் படிக்கலாம் என்றிருக்கையில், ஆங்கிலம் கட்டாயமில்லாத அந்தக் கணக்கைப் பெற்றோர் நன்றாகவே அறிவார்கள். டியூசன் காசு கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் போய்விடும்.

எங்கள் வீட்டில் தங்கிய பெண் முதல் மாதம் முழுவதும் பாட்டும் விளையாட்டுமாகப் படிப்பித்தார். பிள்ளைகள் ரசித்தார்கள், வாய் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் நான் பழப்புளி வாங்கிவர அனுப்பினேன். அவர் கடையில் நின்று, ளகரம் நாவில் வராமல், உரத்த குரலில் 'புலி இருக்கா?' என்று கேட்டுவிட்டார். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை அப்படிக் கேட்கும் காலம் போய்விட்டது. கடைக்காரர் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் புளியை நிறுத்துக் கொடுத்தாராம். மறுநாள் வகுப்பில் அவர் தானே அந்தக் கதையைச் சொல்ல, பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, நாக்கை மேலே மடிக்க அவருக்குப் பழக்கத் தொடங்கினார்கள். தன் தாய்மொழியும் ஆங்கிலமல்ல, பள்ளியில் பிழைவிட்டுப் பிழைவிட்டே அதைக் கற்றேன் என்று அவர் சொன்னதும் அன்றைக்குத்தான். ளகரத்துக்கு விலையாக ஆளுக்கு ஓர் ஆங்கில வசனம் என்று ஒப்பந்தமாயிற்று. அந்தத் தவணைப் புள்ளிகள் உயரவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் கடைசி வாங்கில் இருந்த பெண்பிள்ளைகள் எழும்பி நின்று பேசினார்கள்.

ஆகவே உங்கள் மகளின் வராத தமிழை ஒரு குறையாக எண்ண வேண்டாம். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு. வெளிநாட்டு மிஸ் வந்தவுடன் வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு, பாடசாலையின் சொந்த ஆங்கில ஆசிரியரை வேறு வேலைக்கு அனுப்பிவிடும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் இவர் விமானம் ஏறிவிடுவார். வகுப்பு மீண்டும் அந்த ஆசிரியரின் கையில்தான். அவருக்குப் பக்கத்தில் நின்று படிப்பிக்கிறேன் என்று முதல் நாளே அதிபரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அன்றாட வாழ்க்கை பெரும்பாலும் வெயிலோடும் விருந்தோடும் போகும். காலை ஏழரைக்குப் பாடசாலை, ஒன்றரைக்கு விடும். கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளிக்கப் பழக ஒரு கிழமை பிடிக்கும். பின்னேரம் எந்த வீட்டுக்குப் போனாலும் தேநீர் வரும். கூடவே வயதென்ன, அப்பாவுக்கு எந்த ஊர், ஏன் இன்னும் கலியாணம் முடிக்கவில்லை என்ற கேள்விகளும் வரும். டென்மார்க் பெண்ணுக்கு விலக்குக் கிடைத்த கேள்விகள்கூட உங்கள் மகளுக்குக் கிடைக்காது. அவள் இவர்களுக்கு வெளிநாட்டுக்காரியும் அல்ல, ஊர்ப்பிள்ளையும் அல்ல.

சுற்றுலா விசாவில் வந்து படிப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உரிய விசாவையும் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியையும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் எந்தக் காரணத்துக்கும் இறங்கக் கூடாது. நல்ல டோர்ச் ஒன்றும் வேண்டும். மாரி காலத்து இரவில் கிணற்றடிப் பாதையில் புடையன் பாம்பு கிடக்கும்.