பின்னேரமானா ஏறுற ஓம்

களுவாஞ்சிக்குடியில இருந்து கெம்பஸ் ப்ரொஜெக்ட் செய்ற ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: விரல் மடங்குறத அளக்க, பிவிஏ எண்ட தண்ணியில கரையிற பிளாஸ்டிக்குல உப்புப் போட்டு ஜெல் செஞ்சு விரல்ல கட்டினா காலையில ஒழுங்கா வேல செய்யுது, பின்னேரம் விரல மடக்காமலே ஓம், அதாவது மின்தடை, ஏறிக்கொண்டு போகுது, அத வாசிக்கிற ஆர்டுயினோ போர்ட் பழுதா, இல்லாட்டி பெடோட் எண்ட கரண்ட் கடத்துற பிளாஸ்டிக் வாங்கிப் போடவா எண்டு.

காசு செலவழிக்க முதல் ஜெல்ல நிறுத்துப் பாருங்க தங்கச்சி. ஹைட்ரோஜெல் எண்டா பெரும்பங்கு தண்ணிதான், நோன்புக்கு ஊத்துற கடல்பாசிய மூடாம வெச்சா ஓரம் சுருங்கித் தோலாப் போறத்த பார்த்திருப்பீங்க, அதே கதைதான் இதுவும், அதுலயும் மலையில மழைய இறக்கிட்டு காய்ஞ்சு வாற கச்சான் காத்து அடிக்கிற நாளெண்டா சொல்லத் தேவல்ல. உங்கட ஜெல்லுல கரண்ட காவுறது உப்பு அயன், அதாவது உப்பு கரைஞ்சு வாற மின்னேற்றத் துணிக்கை, அது ஓட தண்ணி வேணும். ஒரே வார்ப்புல ரெண்டு துண்டு எடுத்து ஒண்ட மடக்காம ஆர்டுயினோவுல மாட்டி, மத்தத சும்மா தட்டுல வெச்சு, நகை நிறுக்கிற சின்னத் தராசுல மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிறுங்க, நிறை குறையக் குறைய ஓம் ஏறினா ஆர்டுயினோவ திட்டாதீங்க.

மருந்து கிளிசரின். ஜெல் செய்ற தண்ணியில மூண்டுல ஒரு பங்க எடுத்துட்டு அதப் போட்டுப் பாருங்க, தண்ணிய இழுத்துப் பிடிக்கும், ஆனா தொடக்க ஓம் கூடத்தான் காட்டும், பயப்படாதீங்க. மறுகா மூடணும். எல்லாரும் சிலிக்கோன் ரப்பர் பூசுவாங்க, அது தண்ணிய மறிக்கும், ஆவிய மறிக்காது! சோறு கட்டுற லஞ்ச் சீட் இதுல கெட்டிக்காரன், இழுபடாது எண்டதால கொஞ்சம் தொளதொளண்டு மடிச்சுச் சுத்துங்க.

இன்னொண்டு, 5 வோல்ட்ட ஒரே பக்கமா விட்டுக்கொண்டிருந்தா அயன் எல்லாம் கம்பியடியில போய்க் குவிஞ்சு கணக்கு தானா நகரும், செப்புக் கம்பி பச்சை பிடிச்சிருக்கா பாருங்க. ஜெல்ல ஆர்டுயினோட ரெண்டு பின்னுக்கு நடுவுல மாட்டி, அந்தப் பின்ன மாறி மாறி ஓன் பண்ணி, வாசிச்ச உடனே ஓஃப் பண்ணிடுங்க. கம்பிக்குப் பதிலா ஈசிஜி ஸ்டிக்கர் நல்லம்.

பெடோட் 2000ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்கிக் குடுத்த பிளாஸ்டிக் குடும்பத்துப் பிள்ளதான், எலக்ட்ரோன் பொலிமர் வழியாவே ஓடும், எண்டாலும் அந்த ஜெல்லும் காயும். போத்தல்ல வாறது பிஹெச் 2 அளவுல புளிப்பு, பச்சையா தோல்ல படவிடாதீங்க.

காயாத ஜெல்ல 10% இழுத்தா அது நீண்டு மெலியுறதால ஓம் ஏறக்குறைய 21% கூடணும், மூடிக் கட்டினதுக்குப் பிறகு காலையிலயும் பின்னேரமும் இதையே அளந்து பாருங்க.