சிஸ்டம்32-ஆ, சிஸ்வாவ்64-ஆ?

வணக்கம் நண்பரே. 64 பிட் டிஎல்எல் கோப்பை (நிரல்கள் பயன்படுத்தும் துணைக் கோப்பு) விண்டோஸின் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட்டும் உங்கள் மென்பொருள் அது இல்லை என்கிறது என்றீர்கள். பெயரைப் பார்த்தால் யாரும் அங்கேதான் போடுவார்கள். ஆனால் 64 பிட் விண்டோஸில் எல்லாம் தலைகீழ்: சிஸ்டம்32 ஃபோல்டரில் 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64-இல் 32 பிட் கோப்புகள். பல நிரல்களில் சிஸ்டம்32 என்ற பாதையை நேரடியாகவே எழுதிவைத்திருந்தார்கள். 64 பிட்டுக்கு மாறும்போது அவை உடையக்கூடாதென்று அந்தப் பெயரை மைக்ரோசாஃப்ட் மாற்றவில்லை. போதாததற்கு, 32 பிட் நிரல் சிஸ்டம்32-ஐக் கேட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64-க்குத் திருப்பிவிடும்.

சரி, நீங்கள் போட்டதை மட்டும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். மற்றவற்றைத் தொடவே வேண்டாம். அப்புறம் அதை மென்பொருளின் இஎக்ஸ்இ (அதை இயக்கும் கோப்பு) இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள். மென்பொருளும் 64 பிட்தானா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்துக்கொள்ளுங்கள்.